அருங்காட்சியகத்தில் திரையிடலும் உரையும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஊர் அளவிலான சிறிய அருங்காட்சியகங்கள் பல, பார்வை நேரம் முடிந்த பிறகு, மாதத்துக்கு ஒரு மாலையாவது பொதுமக்களுக்காகக் கதவைத் திறந்து வைக்கின்றன. ஒரு படம் திரையிடப்படும், அல்லது ஒருவர் வந்து பேசுவார். பெரும்பாலும் இரண்டும் சேர்ந்தே நடக்கும். பார்வையாளராக வர நினைப்பவர்களும், பேச அழைக்கப்பட்டவர்களும், தங்கள் அருங்காட்சியகத்தில் இப்படியொன்றைத் தொடங்க விரும்புபவர்களும் வழக்கமாகக் கேட்பவற்றுக்கான விடைகள் இங்கே உள்ளன.

திரையரங்கில் படம் பார்ப்பதற்கும் இதற்கும் என்ன வேறுபாடு?

திரையரங்கில் படம் முடிந்தால் எழுந்து போய்விடுகிறோம். இங்கே படம் முடியும்போது மாலையின் முதல் பாதிதான் முடிந்திருக்கும். திரையிடப்படுவது பெரும்பாலும் 20 நிமிடத்திலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் அடங்கும் ஆவணப்படமாகவோ, செய்திப்படமாகவோ, யாரோ ஒருவர் வீட்டுக்காக எடுத்து வைத்த காட்சிகளாகவோ இருக்கும். அதன்பின் அந்தப் பொருளை நன்கறிந்த ஒருவர் பேசுவார். பிறகு அவையோர் பேசுவார்கள்.

இன்னொரு வேறுபாடும் உண்டு. திரையில் காண்பதற்கும் பக்கத்து அறையில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருப்பதற்கும் ஏதோ ஓர் உறவு இருக்க வேண்டும். காட்சிக்கு வைத்திருக்கும் தறி அசையாமல் நிற்கிறது. எந்தக் காலை எப்போது மிதிக்க வேண்டும், நாடா ஓடும் கணத்தில் கை எங்கே இருக்க வேண்டும், அறுந்த இழையை நெய்பவர் எப்படி ஒரே கையால் முடிந்துவிட்டு வேலையைத் தொடர்கிறார் என்பதையெல்லாம் விளக்கப் பலகையில் எழுதி முடிக்க இயலாது. மூன்று நிமிடப் படம் அதைக் காட்டிவிடும். படம் பார்த்தவர் மீண்டும் அந்தத் தறியின் முன் போய் நின்றால், மிதிகட்டையில் தேய்ந்திருக்கும் பள்ளம் அவர் கண்ணில் படும்.

பொருள்களைக் காப்பதுதானே அருங்காட்சியகத்தின் வேலை? படமும் பேச்சும் எதற்கு?

காப்பது அடிப்படை வேலை. அதுவே முழு வேலை அல்ல. பன்னாட்டு அருங்காட்சியக மன்றம் 2022-இல் பிராக் நகரில் ஏற்றுக்கொண்ட வரையறை, சேகரித்தல், பாதுகாத்தல், ஆராய்தல் ஆகியவற்றோடு பொருள் விளக்கம் தருவதையும், மக்களின் பங்கேற்போடு இயங்குவதையும், கல்வி, மகிழ்ச்சி, சிந்தனை, அறிவுப் பகிர்வு ஆகியவற்றுக்கான அனுபவங்களை அளிப்பதையும் அருங்காட்சியகத்தின் பணிகளாகவே சொல்கிறது.

பழக்கமும் புதிதல்ல. லண்டனிலுள்ள அறிவியல் நிறுவனமான ராயல் இன்ஸ்டிடியூஷனில் அறிவியலாளர் மைக்கேல் ஃபாரடே 1820களில் தொடங்கிய வெள்ளிக்கிழமை மாலை உரைகள் இன்றளவும் தொடர்கின்றன. நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகம் 1935-இலேயே திரைப்படத்துக்கெனத் தனி நூலகத்தை அமைத்தது. ஓவியத்துக்குப் பக்கத்தில் சினிமாவை வைக்கலாமா என்ற விவாதம் அந்த அளவில் பழையது.

ஆனால் சிறிய அருங்காட்சியகம் இதை நடத்துவதற்கு, என் கருத்தில், இவற்றைவிட வலுவான காரணம் ஒன்று இருக்கிறது. இத்தகைய மாலைகளில் அருங்காட்சியகம் கொடுப்பதைவிடப் பெறுவது அதிகம். ஓர் ஊரின் பழைய காட்சிகளில் இருப்பவர்களையும் இடங்களையும் அடையாளம் சொல்லக்கூடியவர்கள் எந்த ஆவணக் காப்பகத்திலும் இல்லை. அவர்கள் அந்த அவையில் உட்கார்ந்திருக்கிறார்கள். இது எப்படி நடக்கிறது என்பதைக் கீழே தனியாகச் சொல்லியிருக்கிறேன்.

யார் வரலாம்? முன்பதிவு தேவையா?

யாரும் வரலாம், உறுப்பினராக இருக்க வேண்டியதில்லை. இடம் குறைவாக இருப்பதால் பல அருங்காட்சியகங்கள் முன்பதிவு கேட்கின்றன. அரங்கில் எத்தனை பேர் அமரலாம் என்பதை நாற்காலிகளின் எண்ணிக்கை முடிவு செய்வதில்லை. தீ விபத்து நேர்ந்தால் எத்தனை பேர் வெளியேற வழி இருக்கிறது என்பதே முடிவு செய்கிறது. ஆகவே, "ஓரமாக நின்றுகொண்டே பார்க்கிறேன்" என்று கேட்பவரை வாசலில் மறுத்தால் அதைக் கெடுபிடியாக நினைக்க வேண்டாம்.

எவ்வளவு நேரம் நடக்கும்? குழந்தைகளை அழைத்து வரலாமா?

இரண்டு மணி நேரத்துக்கு மேல் போகக் கூடாது. குழந்தைகள் வரலாம், ஆனால் அறிவிப்பில் படத்தின் தன்மையைப் பார்த்துக்கொள்ளுங்கள். போர், பஞ்சம், அறுவைச் சிகிச்சை பற்றிய பழைய செய்திப்படங்களில் எந்த எச்சரிக்கையும் இல்லாமல் கடுமையான காட்சிகள் வந்துவிடும்.

கடையில் வாங்கிய டிஸ்க்கையோ சந்தா கட்டிய இணையத் தளத்தில் உள்ள படத்தையோ திரையிடலாமா?

கூடாது. புதிதாகத் தொடங்குபவர்கள் பலரும் சறுக்கும் இடம் இதுதான். டிஸ்க்கை வாங்கும்போது நாம் வாங்குவது வீட்டில் பார்ப்பதற்கான உரிமையை மட்டுமே. பொது இடத்தில் பலருக்குத் திரையிடுவது வேறு உரிமை; அதை உரிமையாளரிடமோ அவர் நியமித்த விநியோக நிறுவனத்திடமோ தனியாகப் பெற வேண்டும். கட்டணம் வாங்காமல் காட்டினாலும், கல்வி நோக்கத்துக்காகவே காட்டினாலும், பெரும்பாலான நாடுகளில் இந்த நிலை மாறுவதில்லை. வகுப்பறைக்குச் சட்டம் தரும் விலக்கு பொது அரங்குக்குப் பொருந்தும் என்று தாமாகவே முடிவு செய்துகொள்வது ஆபத்தானது. இணையச் சந்தாக்களைப் பொறுத்தவரை, சேரும்போது நாம் படிக்காமல் ஒப்புக்கொள்ளும் விதிமுறைகளிலேயே பொதுத் திரையிடல் தடுக்கப்பட்டிருக்கும்.

ஆவணப்பட இயக்குநர்கள் பலர் நேரடியாக எழுதிக் கேட்டால் நியாயமான தொகைக்கு அனுமதி தருகிறார்கள். சிலர் தாமே வந்து பேசவும் இசைகிறார்கள். அனுமதி எழுத்தில் இருக்கட்டும். எந்த நாள், எத்தனை முறை, எத்தனை பேர் வரை, நுழைவுக் கட்டணம் உண்டா இல்லையா என்பவை அதில் இடம்பெற வேண்டும்.

மிகப் பழைய படமாயிற்றே, அதற்கும் அனுமதி வேண்டுமா?

பழமை மட்டும் போதாது. பதிப்புரிமைக் காலம் நாட்டுக்கு நாடு மாறுகிறது. பதிப்புரிமைக்கான பன்னாட்டு ஒப்பந்தமான பெர்ன் உடன்படிக்கை திரைப்படங்களுக்கு வகுத்திருக்கும் குறைந்தபட்சக் காலம் 50 ஆண்டுகள்; பல நாடுகளின் சட்டம் அதைவிட நீண்ட பாதுகாப்பைத் தருகிறது. படத்தின் காலம் முடிந்திருந்தாலும், பின்னாளில் சேர்த்த இசைக்கும் புதிதாக எழுதிய வசன வரிகளுக்கும் தனி உரிமை இருக்கக்கூடும். ரீலை வைத்திருப்பவர் உரிமையாளர் என்ற நினைப்பும் தவறு. தாத்தாவின் பெட்டியிலிருந்து எடுத்த சுருள் பேரனுக்குச் சொந்தமாக இருக்கலாம். அதிலிருக்கும் படத்தின் உரிமை, எடுத்தவர் யார், யாருக்காக எடுத்தார் என்பதைப் பொறுத்தது.

எந்தப் படத்தைத் தேர்ந்தெடுப்பது?

புகழ்பெற்ற படத்தைவிட, விவாதிக்க இடம் தரும் படம் நல்லது. எல்லாவற்றையும் பின்னணிக் குரலிலேயே சொல்லி முடித்துவிடும் ஆவணப்படத்துக்குப் பிறகு அவையில் யாருக்கும் கேட்க எதுவும் மிஞ்சுவதில்லை. மாறாக, அரசோ பெருநிறுவனமோ தன் பெருமைக்காக எடுத்த பழைய விளம்பரப் படம் ஒன்றைப் போட்டுப் பாருங்கள். அணை கட்டப்படுவதைக் காட்டுகிறார்கள். மூழ்கிய ஊர்களைக் காட்டவில்லை. பொறியாளரின் பெயரைச் சொல்கிறார்கள்; மண் சுமந்த பெண்களின் பெயரைச் சொல்லவில்லை. கேமரா எங்கே நின்றது, யாருடைய செலவில் நின்றது, எதைப் பார்க்காமல் திரும்பிக்கொண்டது என்ற கேள்விகள் தாமாக எழும். படத்தை ஆவணமாக மதிப்பது என்றால், அதை நம்புவதற்கு முன் விசாரிப்பதும் அதில் அடங்கும்.

திரையிடுவதற்கு முன் ஏற்பாட்டாளர் படத்தை முழுதாக ஒருமுறை பார்த்திருக்க வேண்டும். சொல்லத் தேவையில்லாத விஷயம் போலத் தோன்றும், சொல்ல வேண்டியிருக்கிறது.

மௌனப் படங்களில் மனிதர்கள் ஏன் குடுகுடுவென்று ஓடுகிறார்கள்?

அந்தக் காலத்து மனிதர்களின் நடையில் குறை இல்லை. இந்தக் காலத்துத் திரையிடலில்தான் குறை. ஒலி வந்த பிறகு, 1920களின் இறுதியில், வேகம் நொடிக்கு 24 பிரேம் என்று நிலைபெற்றது. அதற்கு முன் கையால் சுழற்றிய கேமராக்கள் பெரும்பாலும் 16 முதல் 20 பிரேம் வரையிலான வேகங்களில் படமெடுத்தன. எல்லோரும் ஒரே வேகத்தைப் பின்பற்றியதும் இல்லை. 16 பிரேமில் எடுத்ததை 24-இல் ஓட்டினால் எல்லாம் ஒன்றரை மடங்கு வேகமாகிவிடும், ஒரு சவ ஊர்வலம்கூடச் சிரிப்பு மூட்டும். டிஜிட்டலாக மாற்றும்போதே சரியான வேகத்தைக் குறித்துக்கொடுத்தால் இது நேராது.

மௌனப் படத்தை முழு அமைதியில் காட்டவும் வேண்டாம். அவை தோன்றிய காலத்திலேயே இசையும், சில இடங்களில் திரைக்குப் பக்கத்தில் நின்று கதை சொல்பவரும் உடன் இருந்தனர். ஜப்பானில் பென்ஷி எனப்பட்ட அந்தக் கதைசொல்லிகள் நடிகர்களுக்கு ஈடாகப் புகழ் பெற்றிருந்தார்கள். ஆகவே, படம் ஓடும்போதே பேச்சாளர் அருகில் நின்று விளக்குவது சினிமாவின் முதல் காலத்திலேயே இருந்த வழக்கம்தான்.

எங்கள் வீட்டில் பழைய ரீல்கள் இருக்கின்றன. கொண்டு வந்தால் ஓட்டிக் காட்டுவீர்களா?

கொண்டு வாருங்கள், ஆனால் உடனே ஓட்டச் சொல்லாதீர்கள். வீட்டிலிருக்கும் பழைய ப்ரொஜெக்டரில் நீங்களும் ஓட்டிப் பார்க்காதீர்கள். பழைய படச்சுருள் காலப்போக்கில் சுருங்குகிறது. ஏறத்தாழ 1 சதவீதம் சுருங்கினாலே அதன் துளைகளுக்கும் கருவியின் பற்களுக்கும் இடையே பொருத்தம் கெட்டு, ஓரம் கிழியத் தொடங்கும். வேறு பிரதியே இல்லாத ஒன்றை ஒருமுறை பார்க்கும் ஆசையில் அழித்துவிடக் கூடாது.

முதலில் அகலத்தைப் பார்ப்போம். வீடுகளில் கிடைப்பவை பெரும்பாலும் 1923-இல் வந்த 16 மி.மீ., 1932-இல் வந்த 8 மி.மீ., 1965-இல் வந்த சூப்பர் 8 ஆகிய மூன்றில் ஒன்றாக இருக்கும். நடுவில் ஒற்றைத் துளை வரிசை தெரிந்தால் அது பிரெஞ்சு நிறுவனமான பாத்தே 1922-இல் அறிமுகப்படுத்திய 9.5 மி.மீ. சுருள். உள்ளங்கையில் அடங்கும் 50 அடி சூப்பர் 8 சுருள், நொடிக்கு 18 பிரேம் வேகத்தில் 3 நிமிடம் 20 நொடி ஓடும். ஒரு கல்யாணமே அதில் அடக்கப்பட்டிருக்கும். அதனால்தான் வீட்டுப் படங்களில் எந்தக் காட்சியும் சில நொடிகளுக்கு மேல் நீடிப்பதில்லை.

அடுத்து மூக்கை நம்ப வேண்டும். டப்பாவைத் திறந்ததும் வினிகர் போன்ற புளித்த நெடி வந்தால், சுருள் செய்யப்பட்ட அசிடேட் என்ற பிளாஸ்டிக் சிதையத் தொடங்கிவிட்டது என்று பொருள். அந்த அமில ஆவி பக்கத்திலுள்ள நல்ல சுருள்களையும் கெடுக்கும் என்பதால், அதை உடனே தனியாகப் பிரித்துக் குளிர்ச்சியான, ஈரமில்லாத இடத்தில் வைத்து, தாமதிக்காமல் டிஜிட்டலாக மாற்ற ஏற்பாடு செய்ய வேண்டும். மாற்றிய பிறகு மூலச் சுருளைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், கோப்பு நகல்தான்.

35 மி.மீ. சுருளாக இருந்து, 1950களின் தொடக்கத்துக்கு முற்பட்டதாகவும் இருந்தால், அது நைட்ரேட் என்ற பழைய வகைப் பிளாஸ்டிக்கால் ஆனதாக இருக்கக்கூடும். இதில் விளையாட்டே கூடாது. நைட்ரேட் எளிதில் தீப்பற்றும். எரியும்போது தனக்குத் தேவையான ஆக்சிஜனைத் தானே வெளியிடுவதால் தண்ணீருக்குள்ளும் தொடர்ந்து எரியும். அப்படிப்பட்ட டப்பாவை அருங்காட்சியகத்துக்குத் தூக்கிக்கொண்டு வர வேண்டாம். இருந்த இடத்திலேயே விட்டுவிட்டுத் தகவல் மட்டும் சொல்லுங்கள். திரைப்படக் காப்பகத்தின் நிபுணர்களிடம் ஆலோசனை கேட்ட பிறகுதான் அதை நகர்த்த வேண்டும். 16 மி.மீ., 8 மி.மீ. சுருள்கள் தொடக்கம் முதலே எளிதில் தீப்பற்றாத வகையில் தயாரிக்கப்பட்டவை என்பதால் வீட்டுச் சேகரிப்புகளில் இந்த அச்சம் அரிதாகவே எழும்.

அவையோர் சொல்வதை அருங்காட்சியகம் என்ன செய்கிறது?

ஒரு தெருவின் பழைய காட்சி ஓடிக்கொண்டிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பதிவேட்டில் அதற்கு "சந்தை, ஆண்டு தெரியவில்லை" என்பதற்கு மேல் குறிப்பு இல்லை. மூன்றாவது வரிசையிலிருந்து ஒரு பாட்டி, "அந்த மாடிப்படி இடிஞ்சு விழுந்தது எங்க பெரியவன் பிறந்த வருஷம்" என்கிறார். அந்த ஒரு வாக்கியத்தால் படம் எந்த ஆண்டுக்கு முற்பட்டது என்பது தெரிந்துவிடுகிறது. இன்னொருவர் கடைப் பலகையில் பாதி மறைந்த எழுத்துகளை வாசிக்கிறார். வேறொருவர் அதை மறுக்கிறார்.

இதைக் காற்றோடு போகவிடுவது பெரிய இழப்பு. அதனால் ஒருவர், பேச்சாளராகவோ நெறியாளராகவோ இல்லாதவர், குறிப்பெடுப்பதற்கென்றே உட்கார வேண்டும். படத்தின் எந்த நிமிடம், எந்த நொடியில் யார் என்ன சொன்னார் என்று எழுத வேண்டும். மறுநாள் அது அப்படியே பதிவேட்டில் ஏறிவிடக் கூடாது. "இன்னார் கூற்று" என்ற அடையாளத்தோடு ஏறி, பிற சான்றுகளோடு ஒப்பிடப்பட வேண்டும். நினைவு பெயர்களையும் இடங்களையும் பிடித்துவைக்கும் அளவுக்கு ஆண்டுகளைப் பிடித்துவைப்பதில்லை. முரண்படும் இரண்டு கூற்றுகள் வந்தால் இரண்டையும் எழுதி வைப்பதே நேர்மை. சொன்னவரின் பெயரைக் குறிப்பிடலாமா என்று அவரிடம் கேட்டுக்கொள்வதும் அவசியம்.

இதற்காகவே சில மாலைகளில் படத்தை இருமுறை ஓட்டுவது பயன் தரும்: முதல்முறை இடைவெளியின்றி, இரண்டாம்முறை யாராவது கை தூக்கினால் நிறுத்தி. இரண்டாவது ஓட்டத்தில்தான் கூடம் உயிர் பெறும்.

பேச்சாளர் பேராசிரியராகத்தான் இருக்க வேண்டுமா?

இல்லை. முப்பது ஆண்டுகள் ரயில்வே பணிமனையில் வேலை பார்த்த ஃபிட்டர் நீராவி எஞ்சினைப் பற்றிப் பேசினால், ஆய்வாளர் சொல்லாத பலவற்றைச் சொல்வார். அவருக்கு மேடைப் பழக்கம் இருக்காது. ஆகவே தனியாக நிற்கவைக்காமல், ஒருவர் கேள்வி கேட்க அவர் பதில் சொல்லும் உரையாடலாக அமைத்தால் போதும். கையில் கொடுக்க ஒரு கருவியோ உதிரிப் பாகமோ இருந்தால் தயக்கம் விரைவில் போய்விடும். காட்சிப் பொருளை அப்படிக் கொடுக்க இயலாது. பயிற்சிக்கென வைத்திருக்கும் மாதிரிகள் இதற்கு உதவும்.

உரைக்கு 35 முதல் 40 நிமிடம் போதுமானது. ராயல் இன்ஸ்டிடியூஷனில் உரை ஒரு மணி நேரம் என்பது கண்டிப்பான மரபு. ஆனால் அங்கே படம் முன்னால் ஓடுவதில்லை. எழுதி வந்ததை அப்படியே வாசிப்பதும், ஸ்லைடில் இருப்பதையே திரும்பச் சொல்வதும் அவையைத் தூங்க வைக்கும் உறுதியான வழிகள். பேச்சாளருக்குப் பயணச் செலவையும் இயன்ற மதிப்பூதியத்தையும் தர வேண்டும், தொகையை அழைப்பின்போதே சொல்லிவிட வேண்டும். "உங்களுக்கு நல்ல அறிமுகம் கிடைக்கும்" என்பது ஊதியம் அல்ல.

கேள்வி நேரத்தில் ஒருவரே நீண்ட நேரம் பேசினால்?

எந்த அவையிலும் இவர் ஒருவர் இருப்பார். கேள்வி என்று எழுந்து இரண்டாவது சொற்பொழிவைத் தொடங்குவார். இதற்கு நெறியாளர்தான் மருந்து. மைக்கை அவர் கையில் கொடுக்காமல் உதவியாளர் பிடித்துக்கொள்வது பாதிச் சிக்கலைத் தீர்க்கும். மீதிக்கு, மரியாதை குறையாமல், "உங்கள் கேள்வியைக் கேட்டுவிடுகிறோம்" என்று இடைமறிக்கத் தெரிந்திருக்க வேண்டும். அதேவேளை, அவர் சொல்வதில் உண்மையான தகவல் இருந்தால், நிகழ்ச்சி முடிந்தபின் குறிப்பெடுப்பவரை அவரிடம் அனுப்பிவிடுங்கள்.

காது கேட்பதில் சிரமம் உள்ளவர்களுக்கு என்ன வசதி வேண்டும்?

முதல் வசதி, பேச்சாளர் மைக்கைப் பயன்படுத்துவது. "என் குரல் எல்லோருக்கும் கேட்கும்தானே?" என்று கேட்டுவிட்டு மைக்கை ஒதுக்குபவருக்கு, கேட்காதவர்கள் பதில் சொல்ல மாட்டார்கள் என்பது தோன்றுவதில்லை. காட்சிக்கூடங்களில் கல் தரையும் கண்ணாடியும் எதிரொலியைக் கூட்டுவதால் பேச்சு எளிதில் குழம்பும். செவிப்புலன் கருவி அணிந்தவர்கள் ஒலியை நேரடியாகப் பெற உதவும் தூண்டல் வளையம் அமைத்திருந்தாலும், அது மைக்கில் விழுவதை மட்டுமே கடத்தும். அவையிலிருந்து வரும் கேள்வியைப் பேச்சாளர் ஒருமுறை திருப்பிச் சொல்வது அதனால்தான் அவசியம். படத்துக்கு வசன வரி இருந்தால், மொழி தெரிந்தவர்களே வந்திருந்தாலும் அதை அணைக்காதீர்கள். சக்கர நாற்காலிக்கான இடம் கடைசி வரிசையின் மூலையில் மட்டும் இருக்கக் கூடாது.

கூடத்துக்குள் ஏன் தின்பண்டம் அனுமதிப்பதில்லை?

உதிர்ந்த துணுக்கு பூச்சியை அழைக்கும். பூச்சி அடுத்ததாகக் கம்பளியையும் காகிதத்தையும் தேடிப் போகும். சிற்றுண்டி என்றால் வெளித் தாழ்வாரத்தில் வைத்து, அன்றிரவே பெருக்கிக் குப்பையைக் கட்டடத்துக்கு வெளியே கொண்டுபோய்விட வேண்டும்.

கூட்டத்தால் காட்சிப் பொருள்களுக்குப் பாதிப்பு உண்டா?

உண்டு, கவனிக்காவிட்டால். அமர்ந்திருக்கும் ஒருவர் ஏறத்தாழ 100 வாட் வெப்பத்தை வெளியிடுகிறார். 60 பேர் என்றால் 6 கிலோவாட், அதோடு மூச்சின் ஈரமும் சேரும். சிறிய அறையில் ஈரப்பதம் ஒரே மாலையில் ஏறி, ஆட்கள் போனபின் இறங்கும்போது மரமும் தந்தமும் விரிந்து சுருங்குகின்றன. அதனால் திரையிடலைச் சேகரிப்பு இல்லாத கூடத்தில் நடத்துவதே நல்லது. வேறு வழியில்லை என்றால் எண்ணிக்கையைக் குறைக்க வேண்டும். ஒளியைப் பொறுத்தவரை இருட்டு நன்மையே. துணி, காகிதம், நீர்வண்ண ஓவியம் போன்றவற்றுக்கு 50 லக்ஸ் (பொருளின் மேல் விழும் ஒளியை அளக்கும் அலகு) என்ற உச்சவரம்பைப் பல அருங்காட்சியகங்கள் பின்பற்றுகின்றன. நிகழ்ச்சியைப் படம்பிடிக்க வருபவரின் விளக்குகள் அதைப் பல மடங்கு மீறிவிடும் என்பதை முன்பே அவரிடம் சொல்லிவிட வேண்டும்.

உரையைப் பதிவு செய்து இணையத்தில் ஏற்றலாமா?

பேச்சாளர் எழுத்தில் சம்மதித்தால் ஏற்றலாம். திரையிட்ட படத்தை அதில் சேர்க்கக் கூடாது. அரங்குக்கு வாங்கிய அனுமதி இணையத்துக்குச் செல்லாது. அவையோரின் முகம் பதிவாகும் என்றால் வாசலிலேயே அறிவிப்பு இருக்க வேண்டும், பதிவாக விரும்பாதவர்களுக்கென ஒரு பக்கத்தை ஒதுக்க வேண்டும்.

தொடங்குவதற்கு என்னென்ன கருவிகள் வேண்டும்?

நினைப்பதைவிடக் குறைவு. ஓரளவு பிரகாசமான ப்ரொஜெக்டர், ஒரு லேப்டாப், இரண்டு மைக், பேச்சு தெளிவாகக் கேட்கும் ஸ்பீக்கர், நன்றாக மூடும் திரைச்சீலைகள். தரை சமமாக இருந்தால் திரையின் கீழ்விளிம்பு தரையிலிருந்து குறைந்தது 1.2 மீட்டராவது உயரத்தில் இருக்கட்டும். இல்லாவிட்டால் பின்வரிசைக்காரர்கள் வசன வரிகளுக்குப் பதில் முன்வரிசைத் தலைகளைத்தான் பார்ப்பார்கள். படத்தை இணையத்திலிருந்து ஓட்டாமல், கோப்பாகக் கணினியிலேயே வைத்துக்கொள்ளுங்கள். அதே கணினி, அதே கம்பி, அதே கோப்பு என்று முந்தின நாளே முழுப் படத்தையும் ஓட்டிப் பாருங்கள். முதல் ஐந்து நிமிடம் சரியாக வந்தது என்று நிறுத்திவிட்டால், ஒலி விலகத் தொடங்குவது இருபதாவது நிமிடத்தில் என்பது அவை கூடிய பிறகே தெரியும்.

கூட்டம் குறைவாக வந்தால் நிறுத்திவிடலாமா?

எண்ணிக்கையை மட்டும் பார்த்து முடிவு செய்ய வேண்டாம். பன்னிரண்டு பேர் வந்த மாலையில் மூன்று படங்களுக்கு ஆண்டு தெரிந்திருந்தால் அது நல்ல மாலை. ஆனாலும் மாதந்தோறும் ஒரே கிழமை, ஒரே நேரம் என்று வைத்துக்கொள்வதும், கடைசிப் பேருந்துக்கு முன் முடிப்பதும், அடுத்த நிகழ்ச்சியின் தலைப்பை இன்றே அறிவிப்பதும் கூட்டத்தை மெல்லச் சேர்க்கும். பேச்சாளர் கடைசி நேரத்தில் வர முடியாமல் போனால் போடுவதற்கு, அனுமதி பெற்ற ஒரு குறும்படம் எப்போதும் கைவசம் இருக்கட்டும்.

நான் பேச விரும்புகிறேன். எப்படி அணுகுவது?

காப்பாட்சியருக்கு ஒரு பக்கத்துக்குள் எழுதுங்கள்: பொருள் என்ன, சேகரிப்பில் உள்ள எந்தப் பொருளோடு அது தொடர்புடையது, உங்களிடம் காட்டுவதற்குப் படமோ ஒளிப்படமோ உண்டா, அவற்றின் உரிமை யாரிடம் இருக்கிறது. எழுதுவதற்கு முன், ஏதாவது ஒரு மாலைக்குப் பார்வையாளராக வந்து பின்வரிசையில் உட்கார்ந்து பாருங்கள். அந்த அவை எதைக் கேட்கும், எதற்குக் கடிகாரத்தைப் பார்க்கும் என்பது அங்கேயே தெரிந்துவிடும்.